யெஸ்டி சத்தத்துக்கு ஒரு கல் தோசை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாயவன் கடையில் போய் உட்கார்ந்து, "என்ன இருக்கு?" என்று கேட்டால் நீங்கள் வெளியூர் என்று அர்த்தம். யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் எட்டு மேசையிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பிக்கொள்வார்கள். போன கார்த்திகைவரை ஐம்பது வருடமாக அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை, விலைப்பட்டியல் இருந்ததில்லை. என்ன வேண்டும் என்ற கேள்வி இன்றும் கிடையாது. வருகிறவர் என்ன சாப்பிடுவார் என்று கடைக்குத் தெரியும். கடைக்கு என்றால் அம்பிகாவுக்கு.

அதுவும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற சமாச்சாரம் இல்லை. தோசைக்கல் சுவரோரமாக இருக்கிறது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அங்கே நிற்க முடியும். அம்பிகாவுக்குக் காதுதான் எல்லாம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மாவு கல்லில் விழுந்துவிடும். பால் சொசைட்டிக்காரரின் எக்ஸெல் இருமிக்கொண்டு வரும், அதற்கு இரண்டு ஊத்தப்பம். அங்கன்வாடி டீச்சர் வெற்றிச்செல்வியின் ஸ்கூட்டி பிரேக் பிடித்தால் கிறீச்சிடும், அதற்கு எண்ணெய் விடாத தோசையும் காரச் சட்னி இரண்டு கரண்டியும். ஆட்டோ ஓட்டுகிற அசோக் திருப்பத்தில் கியரைக் குறைக்க மாட்டார், வண்டி முக்கும். அவருக்கு முறுகல். அவரவர் இறங்கி, கை கழுவி, உட்காரும்போது தட்டு வந்துவிடும். இதைப் பார்ப்பதற்காகவே விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

தவறு நடக்காமல் இல்லை. கோர்ட் குமாஸ்தாவின் வண்டியை ஒருநாள் அவருடைய மச்சான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரரான குமாஸ்தாவுக்கு என்று வார்த்த கேழ்வரகு தோசை மச்சான் தலையில் விழுந்தது. பாவம், இந்த ஊரில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுப் போனார். இப்போது பேட்டரி வண்டிகள் வேறு வந்துவிட்டன. "பூனையாட்டம் வரானுங்க, எப்படித்தான் தோசை ஊத்தறது" என்று அம்பிகா அலுத்துக்கொள்வாள்.

அம்பிகா பிறந்தது ரஞ்சன்குடியில், கோட்டைக்கு அடியிலேயே. அப்பாவும் அம்மாவும் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். அவள் மாமனார் மாயவன் வீடும் அப்படித்தான். பிறர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மாயவன், ஒருநாள் மண்வெட்டியை வைத்துவிட்டு இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அந்த நாளில் பஸ்ஸைவிட்டு இறங்கி, யார் கடை என்று விசாரித்துவிட்டு நகர்ந்து போனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பேரன்கள் இன்று இடம் காலியாகட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறார்கள். மாயவன் இதைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு இட்லி ஊற்றவே நேரம் சரியாக இருந்தது.

மூத்த மகன் அறிவழகனைக் கட்டிக்கொண்டு அம்பிகா வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. இளையவன் வேல்முருகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியார் இல்லாத வீடு. அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்ததும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், முதல் முழுக்கால்சட்டை எடுத்துக்கொடுத்ததும் அம்பிகாதான். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. சாம்பார் ஏறியது. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு அவன் வைக்கிற சாம்பாருக்கு, இட்லியை விட்டுவிட்டுச் சாம்பாரை மட்டும் குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மாயவன் போன பிறகு மூன்று பேரும் கடையைப் பகிர்ந்துகொண்டார்கள். அறிவழகன் இட்லி, பொங்கல், கல்லாப்பெட்டி. வேல்முருகன் சாம்பாரும் பரிமாறுவதும். அம்பிகா கல். இருபது வருடத்துக்கு மேல் அந்த மூன்று கையும் ஒரு கை மாதிரிதான் வேலை செய்தன.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது முறிந்தது. எதற்குத் தெரியுமா? ஒரு போர்டுக்கு. ஊரைச் சுற்றிக் காலேஜும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. புதிதாக வருகிற பிள்ளைகள், என்ன கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று வேல்முருகனுக்குக் கவலை. யாரிடமும் சொல்லாமல், நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில், பதினெட்டு அயிட்டங்களை எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். அறிவழகனுக்கு வந்ததே கோபம். "நம்ம கடையில படிச்சுப் பாத்துட்டுதான் திங்கணுமா? அப்பா வெக்காத போர்டை நீ வெக்கறியா?" என்று கேட்டு, பலகையை முழங்காலில் வைத்து உடைத்து, இட்லி அடுப்பில் போட்டுவிட்டார். கடை நிறைய ஆட்கள். வேல்முருகன் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான். அம்பிகாவின் கல்லில் அப்போது ஆறு தோசைகள் இருந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான். வெளியே அவனுடைய பழைய யெஸ்டி பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மனைவி பாக்யலட்சுமியின் ஊரான அரியலூருக்குப் போய் அவன் தனியாகக் கடை போட்டான். அம்பிகா போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டில் அவன் பேச்சை எடுத்தால் அறிவழகன் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துபோவார். சாம்பாரை அவரே வைக்க ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர்கள் நாகரிகமானவர்கள். ஒன்றும் சொல்லாமல் சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அம்பிகாவுக்குத்தான் ஆறவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்பதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழே கால் மணி, கடை நிரம்பி வழிகிற நேரம். இட்லிப் பானை ஆவி விடுகிறது, அசோக் இன்னும் கொஞ்சம் பொங்கல் என்று கத்துகிறார், யாரோ டம்ளரை உருட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவே அம்பிகாவின் கை அந்தரத்தில் நின்றது. தெருமுனையில் ஒரு சத்தம். இரண்டு சைலென்சர் உள்ள வண்டி, அதில் இடதுபக்கத்தில் மட்டும் ஓட்டை. ஒரு பக்கம் பேசும், மறுபக்கம் எச்சில் துப்பும். அந்தச் சத்தம் இந்த உலகத்தில் ஒரே ஒரு யெஸ்டிக்குத்தான் உண்டு.

யோசிக்கிற வேலையே இல்லை. கை தானாக மாவை அள்ளியது. கனமாக ஒரு கல் தோசை, மேலே பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், ஓரம் மட்டும் சிவக்கணும், நடுவே மெத்தென்று இருக்கணும், மிளகாய்ப்பொடி தனியாக. மூன்று வருடமாக அந்தக் கடையில் யாருக்கும் வார்க்காத தோசை.  வெற்றிச்செல்வி டீச்சர் அதைக் கவனித்துவிட்டு, "என்னக்கா, யாருக்கு இது?" என்று கேட்டாள்.

"தம்பி வந்துட்டான்" என்றாள் அம்பிகா.

அந்த இரண்டு வார்த்தை மேசை மேசையாகத் தாவியது. பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டே ஆட்கள் எழுந்தார்கள். அறிவழகன் கல்லாவில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாகிவிட்டார். அம்பிகா தோசையைத் தட்டில் எடுத்துக்கொண்டு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, தானே பரிமாற வாசலுக்கு ஓடினாள்.

யெஸ்டியிலிருந்து இறங்கியவன் வேல்முருகன் இல்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், பின்சீட்டில் ஒரு மூட்டையைக் கட்டியிருந்தான். இறங்கியதும் இறங்காததுமாகத் தட்டை நீட்டிக்கொண்டு ஒரு பெண்ணும், அவள் பின்னால் முப்பது பேரும் நிற்பதைப் பார்த்து மிரண்டுபோனான்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றான்.

அம்பிகா அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள், வேறு யாரும் இல்லை. ஆனாலும் தட்டை அவன் கையில் கொடுத்தாள். "சாப்புடுங்க. இந்த வண்டி ஏது?"

அவன் பெயர் பூவரசன், ஊர் ஆண்டிமடம், முந்திரி வியாபாரம். பெரம்பலூர் ஸ்வீட் கடைகளுக்குச் சரக்குப் போட வந்தவன். நின்றுகொண்டே தோசையைப் பிய்த்துத் தின்றான். "அரியலூர்ல ஓட்டல்காரரு ஒருத்தர்ட்ட வாங்கினேங்க. வேல்முருகன்னு பேரு. சாம்பாரு அமிர்தமா இருக்கும். தோசைதான் ஒரு மாஸ்டரும் நெலச்சு நிக்க மாட்டேங்கறான். பாவம், ஓட முடியல. இன்னையோட கடைய மூடறாரு. சாயங்காலம் சாமான் ஏத்திக்கிட்டுக் குடும்பத்தோட திருப்பூரு போறாங்க. பனியன் கம்பெனி கேன்டீன்ல வேலையாம்."

இன்றைக்குச் சாயங்காலம். அம்பிகாவின் காதில் மற்றது எதுவும் விழவில்லை. அரியலூர் முப்பது கிலோமீட்டர். மூன்று வருடமாக முப்பது கிலோமீட்டர்தான், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். திருப்பூர் போய்விட்டால் அவ்வளவுதான், கல்யாணம் கருமாதி என்றால்கூட வருவானோ என்னவோ.

உள்ளே போனாள். ஒரு தூக்குவாளி நிறைய மாவை எடுத்து மூடினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "பூவரசு தம்பி, என்னைய அரியலூர்ல வுட்டுடறியா?"

"நான் முந்திரிய எறக்கணுமேக்கா."

"மூட்டைய என் ஆட்டோவுல போடு. எந்தக் கடைன்னு சொல்லு, நான் குடுத்துக்கறேன். நீ கெளம்பு" என்றார் அசோக்.

அறிவழகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க போற?"

"அரியலூரு."

"கல்லை யாரு பாக்கறது?"

"கல்லு ஓடியா போயிடும்? இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கரண்டியை வெற்றிச்செல்வி டீச்சரின் கையில் திணித்துவிட்டு, அம்பிகா யெஸ்டியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் மாவு. பின்னால் கடை மொத்தமும் வாசலில் நின்று வழியனுப்பியது, ஏதோ அவள் சிங்கப்பூர் போகிற மாதிரி.

அந்தப் பயணத்தை இப்போது கேட்டாலும் அம்பிகா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ரோட்டோரம் மக்காச்சோளம் காய்கிறது, பேரளி தாண்டியதும் சிமென்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வருகின்றன, ஒவ்வொரு பள்ளத்திலும் மாவு வாளி குதிக்கிறது. "மெதுவாப் போவட்டுங்களா அக்கா?" என்று பூவரசன் கேட்டதற்கு, "இதுக்கு மேல வேகமாப் போவாதா இது?" என்று கேட்டாளாம். 

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் கடை. வாசலுக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, நீலத்தில் மஞ்சள் எழுத்துப் போர்டு. உள்ளே பத்துப் பதினைந்து பேர் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் நேற்றே நின்றுவிட்டான் போல. வேல்முருகனே கல்லில் நின்று தோசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டும் அவன் திரும்பவில்லை.

"என்ன பூவரசு, வண்டி மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாதான் ஓடுது. தோசைதான் பிஞ்சுபோச்சு. தள்ளு" என்றாள் அம்பிகா.

அவன் திரும்பினான். முகம் மெலிந்திருந்தது, மீசையில் நரை. கரண்டியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றான். அம்பிகா கல்லைத் துடைத்தாள், வெங்காயத்தால் தேய்த்தாள், மாவை ஊற்றிச் சுழற்றினாள். முதல் தோசை காகிதம் மாதிரி எழுந்து வந்தது. வெறும் தட்டோடு இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் அவள் நிமிரவில்லை. வேல்முருகன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். பாக்யலட்சுமி தட்டு கழுவி மாளவில்லை. மூடப்போகிற கடைக்கு வாசலில் வரிசை நின்றது.

கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது அவன் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணன் அனுப்பிச்சாராண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்பிகாவுக்கு வரவில்லை. "இல்ல தம்பி. நானாதான் வந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். "நீங்க வந்ததே போதும்ணி. ஆனா அவரு வந்து கூப்புடாம அந்த வாசல்ல நான் கால் வெக்க மாட்டேன். சாயங்காலம் வண்டி சொல்லியாச்சு." சொல்லிவிட்டுச் சாம்பார்ப் பானைப் பக்கம் போய்விட்டான். அம்பிகா அடுத்த தோசையை வார்த்தாள். அவன் கேட்பது நியாயம்தான்.

சரியாக அந்த நேரத்தில் தெருவில் ஓர் ஆட்டோ முக்கியது. கியரைக் குறைக்காமல் திரும்புகிற ஆட்டோ. அம்பிகா வாசலுக்குத் திரும்பினாள். அசோக் இறங்கினார். முந்திரி மூட்டை இன்னும் உள்ளேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில், வேட்டியெல்லாம் இட்லி மாவாக, அறிவழகன்.

"டீச்சர் ஊத்தற தோசை எல்லாம் இலங்கை மேப்பு மாதிரி வருதுக்கா" என்றார் அசோக். "ஜனங்க தானே இட்லிய எடுத்து வெச்சுத் தின்னுட்டு, தானே கல்லாவுல காசு போடுது. எல்லாரும் சேந்து இவரைப் புடிச்சு ஆட்டோவுல ஏத்தி வுட்டுட்டாங்க."

அறிவழகன் வாசலிலேயே நின்றார். தலைக்கு மேலிருந்த போர்டைப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். வேல்முருகன் கரண்டியைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடையில் யாரும் மெல்லவில்லை. அறிவழகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்பிகா, கெளம்பு. போலாம்" என்றார்.

முப்பது கிலோமீட்டர் வந்தும் மனுஷனுக்கு வாயில் வந்தது அதுதான். வேல்முருகனின் தோள் இறுகுவதை அம்பிகா பார்த்தாள். அவளுடைய கல்லில் நான்கு தோசைகள் இருந்தன, திருப்புகிற பதம். கை கரண்டிக்குப் போனது. நின்றது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் புருஷனுக்கு நேராகத் திரும்பினாள்.

"அன்னைக்கு நீங்க போர்டை ஒடச்சப்ப நான் தோசையத் திருப்பிக்கிட்டு நின்னேன். தப்புன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. மூணு வருசமா எனக்கு அது நெஞ்சுல கெடக்குது. நீங்க செஞ்சது தப்பு. இவனைக் கூப்புட வந்திருந்தா கூப்புடுங்க. என்னைய மட்டும் கூப்புட வந்திருந்தா நான் வரல."

தோசைகள் கருகத் தொடங்கின. புகை கடையெங்கும் பரவியது. இருமினார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அறிவழகன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு உள்ளே வந்து முதல் மேசையில் உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து ஒண்ணும் திங்கலடா" என்றார், யாரையும் பார்க்காமல்.

வேல்முருகனுக்கு எத்தனை ரோஷம் இருந்தாலும் சாப்பாட்டுக் கடைக்காரன். பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் கால் தானாக நகர்ந்துவிடும். இரண்டு இட்லியை வைத்தான், சாம்பாரை ஊற்றினான். அறிவழகன் ஒரு வாய் வைத்தார். மென்றார். இரண்டாவது வாயை எடுத்த கை பாதியிலேயே நின்றது. கண் கலங்கியதை மறைக்கத் தெரியாத மனுஷன் அவர்.

"அதை நான் அடுப்புல போட்டிருக்கக் கூடாதுடா வேலு. அப்பா இருந்திருந்தா என்னைத்தான் அடிச்சிருப்பாரு. நீ இல்லாம கடையே நல்லா இல்ல. வூட்டுக்கு வந்துடு. இந்தப் போர்டையும் கழட்டி எடுத்துக்கிட்டு வா, நானே ஆணி அடிச்சு மாட்டறேன்."

வேல்முருகன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தான். அண்ணியைப் பார்த்தான். அம்பிகா இந்தத் தடவை குனியவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஓர் எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நான் வேல்முருகன் பேசறேன். சாயங்காலம் சாமான் ஏத்த வண்டி சொல்லியிருந்தேன்ல. ஆமாண்ணே, வண்டி வேணும். ஆனா திருப்பூரு இல்லண்ணே." அண்ணனைப் பார்த்தபடி தொடர்ந்தான். "பெரம்பலூரு. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. வழி கேக்க வேண்டாம்ணே, மாயவன் கடைன்னா யாரும் சொல்லுவாங்க. எங்க கடைதான்."